நாங்கள் வந்தபோது யார் உதவினார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்மையில் உங்கள் வாசகர் பக்கத்தில் அன்பர் ஒருவர் எழுதிய கடிதத்தை வாசித்தேன். "நாங்கள் வந்தபோது எங்களுக்கு யார் உதவினார்கள்? இரண்டு வேலை செய்து, பனியில் பஸ்ஸுக்கு நின்று, நாங்களேதான் முன்னுக்கு வந்தோம். இப்போது வருகிறவர்களுக்கு மட்டும் எல்லாவற்றையும் கையில் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டிருந்தார். கோயிலில் நாலு பேர் அதைப் பற்றிக் கதைத்தார்கள். நாலு பேரும் அவர் சொன்னது சரி என்றார்கள்.

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் புதிதாக வருகிறவர்களுக்கான குடியேற்ற சேவை நிறுவனம் ஒன்றில் இருபது வருடத்துக்கும் மேலாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். யார் உதவினார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதில், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1985 ஏப்ரல் 4ஆம் திகதி கனடாவின் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. இந்த மண்ணில் கால் வைத்து அடைக்கலம் கேட்கிறவரை நேரில் அழைத்து விசாரிக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் சாரம். அந்த வழக்கைப் போட்டவர்களில் தமிழர் யாரும் இல்லை. சில சீக்கியர்களும் கயானாவைச் சேர்ந்த ஒரு பெண்ணும்தான். அவர்கள் வாங்கித் தந்த உரிமையில்தான் எண்பதுகளின் பிற்பகுதியில் எங்களில் பெரும்பாலானோருடைய அகதிக் 'கேஸ்' நடந்தது. அடுத்த வருடம் ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களைக் கண்டு கரை சேர்த்தது கஸ் டால்ட்டன் என்ற மீனவர். அவர்களுடைய தாள்களைப் பார்த்துவிட்டா படகில் ஏற்றினார்? அதே 1986ல் அகதிகளுக்கு உதவியதற்காக ஐ.நா. அகதிகள் அமைப்பின் நான்சன் பதக்கம் கனடிய மக்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. ஒரு நாட்டு மக்களுக்கே அதைக் கொடுத்தது அந்த ஒரு முறைதான்.

இதெல்லாம் பெரிய கதை, சரி. சின்னக் கதைக்கு வருவோம். சென்ட் ஜேம்ஸ் டவுன் தொடர்மாடிகளில் ஒரு படுக்கையறை வீட்டில் ஏழெட்டுப் பேர் படுத்த காலம் அந்த அன்பருக்கும் நினைவிருக்கும். அங்கே முதலில் வந்த ஒரு அண்ணை இருந்தார். வேலைக்குத் தேவையான சின் நம்பர் எங்கே எடுப்பது, எந்த உணவகத்தில் கோப்பை கழுவ ஆள் தேவை, குளிருக்கு எந்தக் கடையில் பழைய ஜக்கெட் மலிவு, எல்லாம் அவருக்குத் தெரியும். அதோடு எங்கள் ஆட்கள் நடத்திய சங்கங்களும் இருந்தன. தமிழீழச் சங்கம் என்று தொடங்கி, பிறகு 'ரெசொக்' என்ற பெயரில் எல்லா இனத்தவருக்கும் சேவை செய்த அமைப்பை மறந்துவிட்டோமா? அங்கே ஆங்கிலம் படித்தவர்கள் இன்றைக்கு மார்க்கம் நகரில் நாலு படுக்கையறை வீட்டில் இருக்கிறார்கள். ஆகவே, யாரும் உதவவில்லை என்று சொல்வது அந்த அண்ணைக்குச் செய்யும் துரோகம். அவ்வளவுதான் சொல்வேன்.

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். கையில் எல்லாம் கொடுக்கிறார்கள் என்று வெளியே நிற்பவர்களுக்குத் தெரிகிறது. உள்ளே இருந்து பார்த்தவள் நான். ஒட்டாவாவின், அதாவது மத்திய அரசின், பணத்தில் நடக்கும் குடியேற்ற சேவையில் ஒருவர் வந்து உட்கார்ந்ததும் நாங்கள் முதலில் கேட்க வேண்டியது "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்பதல்ல, "உங்கள் கார்ட்டைக் காட்டுங்கள்" என்பதுதான். நிரந்தர வதிவிடம் உள்ளவருக்கும் அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்கும் சேவை உண்டு. கோரிக்கை வைத்துவிட்டு விசாரணைக்குக் காத்திருப்பவருக்குப் பொதுவாக இல்லை. குடியுரிமை எடுத்தவருக்கும் இல்லை. அதாவது உதவி மிக அதிகமாகத் தேவைப்படுகிற முதல் மாதங்களிலும் கதவு பூட்டு, வயது போய்த் தனித்துப்போகும் கடைசிக் காலத்திலும் கதவு பூட்டு.

குடியுரிமை எடுத்தவருக்கு ஏன் உதவி என்று கேட்பீர்கள். பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து வந்த அம்மாமாரை எடுத்துக்கொள்ளுங்கள். குடியுரிமைப் பரீட்சையும் மொழித் தகுதியும் 18 முதல் 54 வயது வரைக்கும்தான். 2017 ஒக்டோபரில் இருந்து இதுதான் சட்டம், நல்ல சட்டமும்கூட. 55க்கு மேற்பட்ட அம்மா ஒரு சொல் ஆங்கிலம் தெரியாமலே சத்தியப் பிரமாணம் செய்து பிரஜையாகிறார். வீட்டில் கேக் வெட்டுகிறார்கள். அடுத்த மாதம் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும், இனியாவது ஆங்கிலம் படிப்போமே என்று, மத்திய அரசின் பணத்தில் நடக்கும் லிங்க் ஆங்கில வகுப்புக்கு வருகிறார். நாங்கள் என்ன சொல்ல வேண்டும்? "அம்மா, நீங்கள் இப்போது சிட்டிசன். உங்களுக்கு இங்கே இடமில்லை." இதைச் சொல்லும்போது அவர்களுடைய முகத்தைப் பார்க்க வேண்டும். பரிசு என்று கொடுத்ததைத் தண்டனையாக்கினால் எப்படி இருக்கும்?

உண்மையில் அவருக்கு வகுப்பு இருக்கிறது. ஒன்ராறியோ மாகாணத்தின் பணத்தில் கல்விச் சபைகள் வயது வந்தோருக்கு நடத்தும் ஈ.எஸ்.எல். என்ற ஆங்கில வகுப்புகளுக்குப் பிரஜைகளும் போகலாம், அகதிக் கோரிக்கையாளரும் போகலாம். இது எத்தனை தமிழ்க் குடும்பத்துக்குத் தெரியும்? ஒரு இடத்தில் இல்லை என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முழுநாட்டிலும் இல்லை என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இல்லை என்று சொல்லும் மேசைக்கு, எங்கே போனால் 'ஓம்' கிடைக்கும் என்றும் சொல்லத் தெரிய வேண்டும். நல்ல குடியேற்றப் பணியாளருக்கும் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கும் வித்தியாசம் இந்த ஒரு இடத்தில்தான் தெரியும். இரண்டு வகையினரோடும் நான் வேலை செய்திருக்கிறேன்.

கடிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் அரசாங்கம் தபாலில்தான் கதைக்கும். ஒரு அம்மா நோ ஃபிறில்ஸ் கடைப் பை ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தார். உறை பிரிக்காத கடிதங்கள். கடன் அட்டை விளம்பரம், கோயில் தேர்த்திருவிழா அழைப்பு, தண்ணீர் பில், அதற்குள்ளே மண்ணிற உறைகளில் சேர்விஸ் கனடாவின் கடிதங்கள். ஓய்வூதியத்தோடு வரும் ஜி.ஐ.எஸ். என்ற மேலதிகக் கொடுப்பனவு அவருக்கு ஜூலையில் நின்றுபோயிருந்தது. காரணம், அந்த வருடம் அவர் வரிக் கணக்குத் தாக்கல் செய்யவில்லை. வருமானமே இல்லாத எனக்கு என்ன வரி என்று விட்டுவிட்டார். மகனும் அப்படித்தான் நினைத்தாராம். இரவு வேலை செய்யும் மகன், பகலில் தூங்குகிறவர், தாயின் தபாலை எப்போது பிரிப்பார்? ஜி.ஐ.எஸ். ஒவ்வொரு ஜூலையிலும் வரிக் கணக்கைப் பார்த்தே புதுப்பிக்கப்படுகிறது. ஏப்ரல் 30க்குள் கணக்குக் கொடுக்காவிட்டால் நின்றுவிடக்கூடும். இதைத் தமிழில் ஒருவர் ஒரு முறை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒருவர் அவருக்கு இருக்கவில்லை.

இருந்தவன் பேரன். பத்து வயது இருக்கும். அவன்தான் கடிதம் வாசிப்பான், வங்கிக்குப் போன் எடுத்தால் அம்மம்மாவின் குரலில் கதைப்பான். எல்லோரும் சிரிப்போம், கெட்டிக்காரப் பெடியன் என்போம். சிரிக்க முடியாத இடங்களும் உண்டு. மருத்துவரின் அறையில் தாயின் இரத்தப்போக்கைப் பற்றி மகள் மொழிபெயர்க்க வேண்டி வருகிறது. லோயரின் அறையில், ஊரில் தகப்பனுக்கு இராணுவ முகாமில் நடந்ததை மகன் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டி வருகிறது. சொல்லக் கூசித் தகப்பன் பாதியை விழுங்குவார், பெடியன் மீதியில் பாதியை விடுவான். பிறகு விசாரணையில் "இதை ஏன் முதலில் சொல்லவில்லை?" என்று கேட்பார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கலாம். கேட்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகளை அறைக்கு வெளியே இருத்துங்கள்.

காத்திருப்பவர்களின் கதை இன்னும் மோசம். 2024 முடிவில் அகதிகள் சபையில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் தேங்கிக் கிடந்தன. இந்தத் தேக்கத்தில் வருடக் கணக்கில் வீடுகளின் நிலவறைகளில் வாடகைக்கு இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? வேலை செய்கிறார்கள். வேர்க் பெர்மிட்டும் 9இல் தொடங்கும் சின் நம்பரும் கிடைத்ததும் தொழிற்சாலைக்குப் போகிறார்கள், வரி கட்டுகிறார்கள். பெர்மிட் முடிந்தால் சின் நம்பரும் முடிந்துவிடும். நேரத்துக்குப் புதுப்பிக்காவிட்டால் முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு, பிள்ளைக் கொடுப்பனவு இல்லை. ஓஹிப் என்ற மாகாண மருத்துவக் காப்புறுதி இல்லை, அதற்குப் பதிலாக மத்திய அரசின் இடைக்கால மருத்துவத் திட்டம் ஒன்று உண்டு.

அந்தத் திட்டத்தின் வரலாறு தெரிந்தால் அந்த அன்பர் அப்படி எழுதியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். 2012ல் ஹார்ப்பர் அரசாங்கம் அதை வெட்டியது. மருத்துவர்கள் வெள்ளை அங்கியோடு தெருவில் இறங்கினார்கள். 2014ல் மத்திய நீதிமன்றம் அந்த வெட்டு கொடூரமானது என்று தீர்ப்பளித்தது. 2016 ஏப்ரலில்தான் திட்டம் முழுதாகத் திரும்பி வந்தது. பிறகு 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் மருந்து, பல் போன்றவற்றுக்கு அவர்களும் ஒரு பங்கு கட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள். அது போகட்டும். திட்டம் தாளில் இருந்தாலும் எல்லாக் கிளினிக்கும் அந்தத் தாளை எடுக்காது. எங்கள் பகுதியில் ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேசையில், ஏழு மாதக் கர்ப்பிணிப் பெண்ணிடம் ஓஹிப் கார்ட் இல்லையென்றால் காசு கட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் பக்கத்தில் நின்றதால் வேறு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தத் திட்டத்தில் பதிந்த மருத்துவர்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. அவளுக்கு அதை யார் சொல்வது?

யாரும் சொல்லாத இடத்தில் வேறு ஆட்கள் வந்து சொல்வார்கள். கேஸ் எழுதிக் கொடுப்பவர்களைத்தான் சொல்கிறேன். கோப்பிக் கடையில் சந்தித்துக் காசு வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் ஒரே கதையை எழுதி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கிறார்கள். சொந்தக் கதையே போதுமான அளவுக்கு உள்ளவருக்கும் இவர்களுடைய கதையை ஒட்டிவிடுவார்கள். விசாரணையில் முரண்பட்டதும் உண்மையும் சேர்ந்து பொய்யாகிவிடும். காசு வாங்கிக்கொண்டு இந்த வேலை செய்ய ஒன்ராறியோவில் லோயருக்கும், அதற்கென்று உரிமம் உள்ளவருக்கும்தான் அனுமதி. குடிவரவு ஆலோசகரின் பெயர், அவர்களுக்கு உரிமம் கொடுக்கும் 'கல்லூரி' என்ற அமைப்பின் பட்டியலில் இருக்கிறதா என்று யாரும் இணையத்தில் பார்க்கலாம். வருமானம் குறைந்தவர் லீகல் எயிட் என்ற சட்ட உதவி கேட்டு விண்ணப்பித்து, கிடைத்தால் தமிழ் தெரிந்த லோயரையே வைத்துக்கொள்ளலாம். வந்த கிழமையே இதைச் சொல்ல ஒருவர் இருந்தால் எத்தனை பேருடைய காசும் கேஸும் தப்பியிருக்கும்!

சேவை நிறுவனங்களும் இப்போது சுருங்கிக்கொண்டு போகின்றன. 2024 ஒக்டோபரில் ஒட்டாவா குடிவரவு எண்ணிக்கையைக் குறைத்தது. 2025க்கு ஐந்து லட்சம் என்றிருந்த நிரந்தர வதிவிட இலக்கு 3,95,000 ஆனது. ஆட்கள் குறைவாக வருவார்கள் என்றால் சேவைக்கும் குறைந்த பணம் போதும் என்று கணக்குப் பார்த்துவிட்டார்கள். 2022லும் 2023லும் வந்தவர்கள் எங்கே போய்விட்டார்கள்? அவர்கள் இங்கேதான், ஸ்காபரோ நிலவறைகளில், இன்னும் ஆங்கிலம் படித்து முடிக்காமல் இருக்கிறார்கள். என்னோடு வேலை செய்த சிலர் இப்போது வேலை இல்லாமல் இருக்கிறார்கள். அவர்கள் இருந்த மேசைக்கு வந்தவர்கள் எங்கே போகிறார்களோ தெரியாது.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். எங்கள் தொகுதி எம்.பி.மார் தைப்பொங்கலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வருவார்கள், அப்போது கேட்கலாம். நான் இதை எழுதுவது எங்கள் ஆட்களுக்காக.

ரொறன்ரோவில் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் எத்தனை என்று எண்ணி முடியாது. என் கல்லூரிச் சங்கத்தில் நானும் உறுப்பினர்தான். வருடத்துக்கு ஒரு இரவு விருந்து, மண்டபம் நிறைந்த சனம், மேடையில் பொன்னாடை. சேரும் காசு ஊருக்குப் போகிறது. பள்ளிக்கூடத்துக்குக் கணினி, மதில், சுற்றுவேலி. அது தேவையில்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே பள்ளிக்கூடத்தில் படித்த பெடியன் போன மாதம் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கி ஒரு நிலவறையில் கிடக்கிறான். அவனைப் பற்றிக் கூட்டத்தில் கதைத்தால், "அவன் ஏஜென்சிக்குக் காசு கட்டி வந்தவன்" என்கிறார்கள். நாங்கள் எல்லோரும் எயார் கனடாவில் அழைப்பிதழோடா வந்தோம்?

2023 கோடையில் நகர மையத்தில், தங்க இடம் இல்லாதவர்கள் போகும் நகராட்சி நிலையமான பீற்றர் வீதி 129ஆம் இலக்கத்துக்கு வெளியே ஆப்பிரிக்காவில் இருந்து வந்த அகதிகள் நடைபாதையில் படுத்துக் கிடந்தார்கள். ஒட்டாவாவும் நகராட்சியும் யார் காசு கொடுப்பது என்று பந்தை உருட்டிக்கொண்டிருந்தபோது, அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் உள்ளே படுக்க வைத்தவை கறுப்பின மக்களின் தேவாலயங்கள். பணக்காரத் தேவாலயங்கள் அல்ல. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது எங்களுடைய கோயில்களின் மண்டபங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

கோயிலில் யாரையும் படுக்க வைக்கச் சொல்லவில்லை. சனிக்கிழமை அன்னதானம் நடக்கும்போது, செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் போட்டுத் தந்தால் போதும். கடிதம் கொண்டு வருபவருக்குக் கடிதத்தை வாசித்துச் சொல்லலாம். சமூக சேவைகளைப் பற்றிச் சொல்லும் 211 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் போன் எடுத்துத் தமிழில் உதவி கேட்கலாம் என்று சொல்லலாம். ஈ.எஸ்.எல். வகுப்பு எங்கே, லீகல் எயிட் இலக்கம் எது என்பதை எழுதிக் கொடுக்கலாம். கேஸைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது, அது லோயரின் வேலை. நன்றாகத் தெரிந்தது போலச் சொல்லிக் கெடுப்பவர்கள் எங்களிடத்தில் ஏராளம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள், வங்கியில் இருந்தவர்கள், தாதியாக இருந்தவர்கள், வீட்டில் தொடர் நாடகம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முறை வைத்து இருக்கலாம்.

ஸ்ரெயின்ஸ் வீதி 311இல் அமையவிருக்கும் தமிழ்ச் சமூக மையத்துக்கு 2021ல் மத்திய அரசும் மாகாண அரசும் சேர்ந்து 2 கோடி 63 லட்சம் டொலர் அறிவித்தன. அரங்கம் வேண்டும், விளையாட்டுத் திடல் வேண்டும், நூலகம் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வாசலுக்கு அருகே கதவு பூட்டிக் கதைக்கக்கூடிய ஒரு சிறிய அறை வேண்டும் என்றும், எந்தக் கார்ட் என்று கேட்காமல் உள்ளே விடும் ஒருவர் அங்கே இருக்க வேண்டும் என்றும் நான் கேட்கிறேன். அதைத் திட்டமிடுகிறவர்கள் இதை வாசித்தால் நல்லது.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. உங்கள் பத்திரிகையில் வீட்டு முகவர்களின் முழுப்பக்கச் சிரிப்புக்கும் மரண அறிவித்தல்களுக்கும் இடையில் கிழமைக்குக் கால் பக்கம் ஒதுக்கித் தாருங்கள். விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடக்காது என்பது தெரியும், கால் பக்கம்தான் கேட்கிறேன். முதல் கிழமைக்கான விடயத்தை இத்தோடு வைத்திருக்கிறேன். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குத் தொண்டர்கள் இலவசமாக வரிக் கணக்குச் செய்து கொடுக்கும் நிலையங்கள் எவை, அங்கே போகும்போது எந்தெந்தத் தாளைக் கொண்டுபோக வேண்டும் என்ற விபரம் அது. பெப்ரவரி முடிவதற்குள் போட்டால்தான் பயன். உதவிக்கு வர விரும்புகிறவர்களுக்குப் பொலிஸ் சான்றிதழ் எடுக்கவே சில கிழமை பிடிக்கும், அதையும் சேர்த்துப் போடுங்கள். அந்தக் கடிதம் எழுதிய அன்பருக்குக் கணக்கு வருமென்றால் அவரையும் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற குடியேற்றப் பணியாளர் ஒருவர்,
ஸ்காபரோ